கொழுப்பும் குடும்பமும்

'கொழுப்பு' என்னும் சொல்லுக்குத் தமிழில் நாம் இரண்டு பொருள் கொண்டிருக்கிறோம். ஒன்று உடலில் உள்ள பொருள். மற்றொன்று உள்ளத்தில் உள்ள திமிர். "அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்று ஒருவரைப் பற்றிக் கூறினால், கேட்பவர் யாரும் மருத்துவரை நினைப்பதில்லை. இந்த இரண்டாம் பொருளின் நிழல் முதற் பொருளின் மேலும் விழுந்துவிட்டது போலும். இரத்தச் சோதனைத் தாளில் கொழுப்பு மிகுந்திருப்பதாகக் கண்டால், அதனை ஒரு குற்றம் போல் எண்ணி மடித்து வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை அறிந்த நண்பர்களும், "நாக்கை அடக்குங்கள், நெய்யைக் குறையுங்கள்" என்று கூறிவிட்டு அகன்றுவிடுகின்றனர்.

ஆனால் பலருக்கு இக்குறை உண்கலத்திலிருந்து மட்டும் வருவதன்று; தாய் தந்தையரிடமிருந்தும் வருவது. ஆகையால் இதனை அறிவதும் அடக்குவதும் தனி ஒருவர் காரியமாக இல்லாமல், குடும்பத்தின் காரியமாக அமைய வேண்டும். ஊரைவிட்டு வந்து வடக்கிலும் மேற்கிலும் வாழும் நம்மனோர்க்கு இதில் தனிப்பட்ட ஓர் இடர்ப்பாடும், தனிப்பட்ட ஒரு கடமையும் உண்டு. எங்கள் குடும்பம் கண்டறிந்ததைக் கொண்டே அவ்விரண்டையும் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாங்கள் உடன்பிறந்தோர் ஐவர். நாகர்கோவிலை அடுத்த ஒரு சிற்றூர் எங்கள் பிறப்பிடம். 1986ஆம் ஆண்டில், தம் 51ஆம் வயதில், வயலிலிருந்து திரும்பித் திண்ணையில் அமர்ந்த எங்கள் தந்தையார் பிறகு எழுந்திருக்கவில்லை. ஊரார் அதனை மாரடைப்பு என்றனர். ஆயுள் அவ்வளவுதான் என்றும் ஆறுதல் கூறினர். அதற்குமேல் ஆராய்வதற்கு அக்காலத்தில் அவ்வூரில் வசதியும் இல்லை. அப்பொழுது மூத்த அண்ணனுக்கு வயது 16. அவர் 1991இல் அன்றைய பம்பாய்க்கு வந்து, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக அமர்ந்தார். அவர் கையைப் பற்றிக்கொண்டே தம்பியர் இருவர் இந்நகருக்கு வந்து சேர்ந்தனர். தங்கையரில் ஒருத்தி மணமாகி டெல்லிக்குச் சென்றாள். மற்றொருத்தி நாகர்கோவிலிலேயே இருக்கிறாள்.

அண்ணன் மெலிந்த உடலினர். புகையும் மதுவும் அறியாதவர். டோம்பிவிலி நிலையத்திலிருந்து வீட்டிற்கு மழை நாளிலும் நடந்தே வருவார். 2019ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலையில் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றார், வியர்த்துக் கொட்டிற்று. வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை வாயிலை அடைவதற்குள் உயிர் பிரிந்தது. அவருக்கு அப்பொழுது வயது 49.

பதினாறாம் நாள் சடங்குகள் முடிந்தபின், காப்பீட்டுத் தாள்களைத் தேடுகையில், 2014ஆம் ஆண்டில் அலுவலகத்தார் செய்வித்த உடற்சோதனையின் அறிக்கை ஒன்று கிடைத்தது. அதில் எல்.டி.எல். கொலஸ்டிரால் 204 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கத்தில், 'எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்க்கவும்' என்று யாரோ பேனாவினால் எழுதியிருந்தனர். அண்ணன் அந்த அறிவுரையைப் பின்பற்றியவர் என்பதற்கு அண்ணன் மனைவியாகிய எங்கள் மதினியே சாட்சி. அன்றிலிருந்து அவர் அப்பளத்தைக்கூடச் சுட்டுத்தான் உண்டார். அந்த எண்ணின் பொருள் என்ன என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அத்தாளை எடுத்துக்கொண்டு மும்பையில் உள்ள நாங்கள் இருவரும் ஓர் இதய மருத்துவரிடம் சென்றோம். அவர் தாளைப் பார்த்தார். பிறகு எங்கள் தந்தையார் எந்த வயதில் காலமானார் என்று கேட்டார். அதன்பின் எங்களைக் காலணியைக் கழற்றச் செய்து, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை விரலால் அழுத்திப் பார்த்தார். இளைய தம்பிக்கு அது கயிறு போல் தடித்திருந்தது. அண்ணனுக்கும் அவ்வாறே இருந்தது எங்கள் நினைவுக்கு வந்தது. பின்புறம் உறுத்துகிறது என்று அவர் ஒருபோதும் பூட்ஸ் அணிந்ததில்லை. செருப்புக் கடையில் நாங்கள் அதற்காக அவரைக் கேலி செய்ததுண்டு. அங்கே படிந்திருந்தது கொலஸ்டிரால் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இனி, எல்.டி.எல். என்பது யாது என்று காண்போம். கொலஸ்டிரால் நஞ்சன்று, உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது உண்டு. பித்தநீரும் சில சுரப்புகளும் அதிலிருந்தே உண்டாகின்றன. நமக்கு வேண்டிய கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. அதில் கல்லீரலுக்குத் தலையாய பங்கு உண்டு. கொழுப்புப் பொருள் நீரில் கரையாதாகையால், இரத்தத்தில் அதனை ஏற்றிச் செல்ல வண்டிகள் வேண்டும். அவ்வாறு கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் நுண்ணிய சரக்கு வண்டிகளே எல்.டி.எல். துகள்கள். பயணம் முடிந்தபின் இவ்வண்டிகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதற்குக் கல்லீரலின் அணுக்கள்மேல் 'ஏற்பி'கள் உள்ளன. அவை போதுமான அளவில் இருந்தால் பாதை ஒழுங்காக இருக்கும். அவை குறைந்தாலோ, வண்டிகள் வழியிலேயே தேங்கி, இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து படிகின்றன. பல ஆண்டுகள் படிந்த அப்படிவு ஒரு நாள் வெடிக்கும், வெடித்த இடத்தில் இரத்தம் உறையும், குழாய் அடைபடும். அதுவே மாரடைப்பு.

இந்த ஏற்பிகளைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து அறிஞர்களான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர். அதற்காக 1985ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறு வயதிலேயே மாரடைப்புக்கு உள்ளாகும் குழந்தைகளின் நோயை ஆராயப் புகுந்தே அவர்கள் இவ்வுண்மையைக் கண்டனர். அக்குழந்தைகள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றவர்கள். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு ஏற்பிகளில் ஏறக்குறைய பாதியே செவ்வனே வேலை செய்யும். இத்தகையோர் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டுள்ளனர். அவர்களுடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அப்பழுது வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. மெலிந்தவர், பருத்தவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை.

எண்களைப் படிக்கும் முறையும் தெரிந்திருத்தல் நலம். சோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்டிரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு, எல்.டி.எல். என நான்கு எண்கள் இருக்கும். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.-ஐ நேரே அளப்பதில்லை, கணக்கிட்டே எழுதுகின்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எல்.டி.எல். எடுத்துக்காட்டாக, மொத்தம் 270, எச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு 160 என்றால், 270இலிருந்து 42ஐயும் 32ஐயும் கழிக்க, எல்.டி.எல். 196 ஆகும். எங்கள் இளைய தம்பியின் தாளில் இருந்த எண்கள் இவையே. டிரைகிளிசரைடு 400க்கு மேற்பட்டால் இக்கணக்கு பொருந்தாது. அப்பொழுது நேரே அளக்க வேண்டும்.

எந்த அளவு நல்லது என்பதற்கு எல்லோர்க்கும் ஒரே விடை இல்லை. இந்திய இதயவியல் கழகம் 2024இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, வேறு கேடு எதுவும் இல்லாதவர்க்கு எல்.டி.எல். 100க்குக் கீழ் இருத்தல் வேண்டும். கேடு மிகுந்தவர்க்கு 70க்குக் கீழும், முன்னமே இதய நோய் கண்டவர் போன்ற மிகமிகக் கேடுடையவர்க்கு 55க்குக் கீழும் இருத்தல் வேண்டும். எனவே, அண்டை வீட்டார்க்கு 95 என்பது நற்செய்தியாக இருக்கலாம். மாரடைப்பு வந்து மீண்ட நம் வீட்டுப் பெரியவர்க்கு அதே 95 போதாது. பெரும்பாலோர் இச்சோதனைக்காக வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தால், மரபு வழி வந்ததோ என்று கட்டாயம் ஐயுற வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும், சில சிறுநீரக நோய்களும், சில மருந்துகளும்கூட இந்த எண்ணை உயர்த்துமாதலால், மருத்துவர் அவற்றையும் சோதித்துப் பார்ப்பார்.

இங்கு ஒன்றை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். கடனில் முதல் எவ்வளவு என்பது மட்டுமா கணக்கு? அது எத்தனை ஆண்டுகளாக நிலுவையில் நிற்கிறது என்பதும் கணக்கல்லவா? எல்.டி.எல். விஷயமும் அத்தகையதே. நாற்பது வயதுக்குமேல் 190ஐ எட்டியவர் வேறு. பிறந்த நாள் முதல் 190ஐச் சுமந்தவர் வேறு. பின்னவர்க்கு வட்டி நாற்பது ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வலியும் இல்லை, மயக்கமும் இல்லை, பசிக்குறைவும் இல்லை. ஆகையால் உடல் தானாக அதைச் சொல்லாது. நம் நாட்டவர்க்கு இவ்வெச்சரிக்கை இன்னும் தேவை. 52 நாடுகளில் நடத்திய பேராய்வு ஒன்றின் விவரங்களை 2007இல் வெளியிட்டபொழுது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியரிடையே 53 என்றும், ஏனையோரிடையே ஏறக்குறைய 59 என்றும் கண்டனர். ஆறு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளையின் படிப்பு முடியும் காலம். ஒரு பெண்ணின் திருமணம் நடக்கும் காலம்.

உணவைப் பற்றி நாங்கள் கேட்டறிந்தவற்றில் சில எங்களுக்கு வியப்பாக இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தாராகிய எங்களுக்குத் தேங்காய் எண்ணெயே தாளிக்கும் எண்ணெய். அவியலை இறக்கியபின் மேலே பச்சை எண்ணெய் ஊற்றாவிட்டால் அது அவியலே அன்று. ஊரிலிருந்து வருவோர் ரயிலில் தகர டின்னில் எண்ணெயும், பையில் நேந்திரங்காய் வறுவலும் கொண்டு வராமல் இருந்ததில்லை. தேங்காய் எண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை என்பது முற்றிலும் மெய். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்டிரால் இல்லை. ஆயின் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்து, எல்.டி.எல்.-ஐ ஏற்றுகிறது. தேங்காய் எண்ணெயில் அக்கொழுப்பு நூற்றுக்கு 80 பங்குக்கு மேல். நெய்யில் 60 அளவு. பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 20 பங்கைத் தாண்டுவதில்லை. மாறாக, முட்டையின் மஞ்சட்கருவில் கொலஸ்டிரால் இருந்தபோதிலும், பெரும்பாலோர்க்கு இரத்தத்தில் அது ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு ஏற்றுவதைவிடக் குறைவே.

அதற்காகத் தேங்காயை வீட்டைவிட்டுத் துரத்தினோமா என்றால், இல்லை. ஊரின் மணம் அதில் இருக்கிறது. அன்றாடத் தாளிப்பு கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாறிற்று; அவியலுக்கு மட்டும் ஒரு கரண்டி, அதுவும் வாரத்தில் ஒரு நாள். அரைத்த தேங்காய்க் குழம்புகளின் இடத்தில் புளிக்குழம்பும் பருப்பும் மிகுந்தன. சாளை மீன் தொடர்ந்தது, பொரிப்பது குறைந்தது. காராமணி, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், வெந்தயம், ஓட்ஸ் ஆகியவற்றில் உள்ள கரையும் நார், குடலில் பித்தத்தைப் பற்றி வெளியேற்றுகிறது. மீண்டும் பித்தம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்ள நேர்கிறது. அவ்வாறு அளவு சற்று இறங்குகிறது. மும்பைத் தெருமுனையின் வடா பாவையும், பேக்கரி பிஸ்கட்டுகளையும், வெண்ணெய் மிதக்கும் பாவ் பாஜியையும் எப்பொழுதேனும் உண்பவையாக ஆக்கிக்கொண்டோம். எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் செயற்கை டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இது நல்ல காரியம். ஆயினும் வனஸ்பதியின் நிறைவுற்ற கொழுப்பு அதனால் மறைந்துவிடவில்லை.

இத்தனையும் செய்தால் எல்.டி.எல். பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இறங்கலாம். 130ஆக இருப்பவர்க்கு அதுவே பெரும் பயன் தரும். 204ஆக இருந்தவர்க்கு? அப்பளத்தைச் சுட்டு உண்டதனால் எங்கள் அண்ணனின் எண் 175க்கு இறங்கியிருக்கக்கூடும். அதற்குமேல் இறங்க அவர் உடலின் அமைப்பு இடந்தராது. நடையும் உடற்பயிற்சியும் எடையையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் காக்கும், இதயத்தை வலுப்படுத்தும், ஆனால் எல்.டி.எல்.-ஐ அவை சிறிதளவே இறக்கும். மரபு வழி வந்தவர்க்கு மருந்து வேண்டும். இது மன உறுதியின் குறைவைக் காட்டுவதன்று.

அம்மருந்தின் வரலாறு அரிசி உண்ணும் நமக்குச் சுவையாக இருக்கும். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1971 முதல் இரண்டு ஆண்டுகள் 6000க்கு மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, கியோத்தோ நகரின் அரிசிக் கடையில் கிடைத்த அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சணத்திலிருந்து, கல்லீரல் கொலஸ்டிரால் செய்வதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அவ்வினத்தைச் சார்ந்த முதல் மருந்துக்கு 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஸ்டாட்டின்கள் என்று இன்று வழங்குபவை இவையே. கல்லீரல் தானே செய்வது குறைந்தால், அது கூடுதலான ஏற்பிகளை நீட்டி இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ எடுத்துக்கொள்கிறது. முன்னமே இதய நோய் இருந்த 4444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்திய ஆய்வு 1994இல் வெளிவந்தது. மருந்து உண்டோரிடையே இறப்பு நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது. பின் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்.டி.எல். ஏறக்குறைய 39 மில்லிகிராம் இறங்கும்தோறும், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெளிவாயிற்று.

"ஆயுள் முழுவதும் மாத்திரையா? தசை வலிக்குமாமே, ஈரல் கெடுமாமே?" என்ற அச்சம் எங்கள் வீட்டிலும் எழுந்தது. தசை வலி சிலருக்கு வருவதுண்டு. சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பவர்க்குச் சர்க்கரை சற்று ஏறுவதும் உண்டு. ஈரலுக்குப் பெருங்கேடு நேர்வது மிக அரிது. தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எனினும் அச்சமே வலியைப் பெருக்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் மெய்யான மருந்தும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவும் இல்லாமலும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. மருந்து உண்ட மாதங்களில் நேர்ந்த தொல்லையில் நூற்றுக்கு 90 பங்கு, வெற்று மாத்திரை உண்ட மாதங்களிலும் நேர்ந்திருந்தது. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிடில் அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மாறலாம். குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்னும் மாத்திரையும், இவை போதாதவர்க்கு ஊசி மருந்துகளும் உள்ளன. ஊசிகள் விலை மிகுந்தவை. மாத்திரைகளோ மக்கள் மருந்தகங்களில் மலிவாகவே கிடைக்கின்றன. குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அவர் அறிவுரைப்படி நடக்க வேண்டும்.

நாங்கள் நால்வரும் சோதித்துக்கொண்டோம். இருவர்க்கு அளவு இயல்பாக இருந்தது. இளைய தம்பிக்கு 196. டெல்லித் தங்கைக்கு 228. தம்பிக்கு ஒரு மாத்திரையில் மூன்று மாதத்தில் 94 ஆயிற்று. இரண்டாவதும் சேர்ந்தபின் 74. தங்கைக்கு முதலில் 118; பின் 92. இருவரையும் 70க்குக் கீழ் கொண்டுவர மருத்துவர்கள் இன்னும் முயல்கின்றனர். இருவர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுதோறும் பார்க்கப்படுகின்றன. அத்துடன், வாழ்நாளில் ஒரு முறையேனும் பார்க்க வேண்டிய லிப்போபுரோட்டீன் (ஏ) என்னும் மற்றொரு மரபு வழிக் கொழுப்பையும் அளந்து பார்த்தோம்.

எஞ்சி நின்றது அண்ணனின் மக்கள். மகளுக்கு அப்பொழுது 21 வயது, மகனுக்கு 17. மதினி இசையவில்லை. "பெண்ணுக்கு வரன் பார்க்கிற வேளையிலே இரத்தத்தைச் சோதித்து ஊர்வாயிலே ஒரு சொல்லை ஏன் சம்பாதிக்க வேண்டும்? போனவர் போய்விட்டார். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்" என்று கூறிவிட்டார். அவருடைய அச்சம் வெறும் அறியாமையன்று. மணமகன் வீட்டார் எதையெல்லாம் விசாரிப்பார்கள் என்பதை அறிந்த தாயின் அச்சம் அது. மும்பையிலிருந்த நாங்கள் மேலே பேச நா எழாமல் இருந்தோம். டெல்லியிலிருந்து வந்த தங்கைதான் தன் சோதனைத் தாளை மதினியின் மடியில் வைத்தாள். "மதினி, பெண்பிள்ளையாகிய எனக்கே 228. நான் மறைக்கவில்லை, மருந்து சாப்பிடுகிறேன். அண்ணன் கையிலும் இப்படியொரு தாள் இருந்தது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோமே" என்றாள். மதினி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைகள் இருவரையும் அவரே அழைத்துக்கொண்டு சென்றார்.

மகளுக்கு 104. மகனுக்கு 211. அந்த எண்ணைக் கண்டு மதினி அழுதபொழுது மருத்துவர் கூறியது எங்கள் நெஞ்சில் நிற்கிறது. "அம்மா, இவன் தந்தைக்கு 44 வயதில் தெரிந்தது, தெரிந்தும் பயன்படவில்லை. இவனுக்கு 17 வயதில் தெரிந்துவிட்டது. இது துக்கச் செய்தி அல்ல" என்றார். மரபு வழி உயர்ந்த எல்.டி.எல். உடைய பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலிருந்தே மருந்து தொடங்கலாம் என்பதையும் அவர் விளக்கினார். அப்பிள்ளை இன்று வேலையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுகிறான். இரவு பல் துலக்கியபின் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறான். மகளுக்கும் மணமாயிற்று. சம்பந்தி வீட்டார்க்கு எல்லாவற்றையும் மதினி தாமே முன்னதாகச் சொன்னார். அவர்கள் தங்கள் வீட்டிலும் இருவர் மாரடைப்பில் போனார்கள் என்று கூறி, அதே வாரத்தில் தாங்களும் சோதித்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்குச் சென்றபொழுது, தந்தையாரின் தம்பியும் 55 வயதில் இவ்வாறே இறந்ததை நினைவு கூர்ந்து, அவர் வழி மக்களையும் பேரர்களையும் சோதிக்கச் செய்தோம். பதினொருவரில் நால்வர்க்கு மிகுந்திருந்தது. அவர்களில் ஒருவன் கல்லூரி மாணவன். நாங்கள் பிழைப்பை நாடி வந்த இந்நகரில் கிடைத்த ஓர் அறிவு, இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்து அவனைச் சென்றடைந்தது.

இதைத்தான் முதலில் இடர்ப்பாடு என்றும் கடமை என்றும் குறிப்பிட்டோம். ஊரில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தில், யார் எந்த வயதில் எப்படி இறந்தார் என்பது வீட்டுக் கிழவியர் வாயில் இருந்தது. இன்று அண்ணன் ஒரு நகரிலும் தங்கை ஒரு நகரிலும் வாழ்கின்றனர். மருத்துவர், "குடும்பத்தில் யாருக்கேனும் இதய நோய் உண்டா?" என்று கேட்கும்பொழுது, நம் பிள்ளைகள் கண்டிராத தாத்தாவைப் பற்றி என்ன சொல்வார்கள்? 'இல்லை' என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். அதே வேளையில், பெருநகரில் வாழும் நமக்கு எளிதாகக் கிட்டும் சோதனையும் விளக்கமும் ஊரில் உள்ளவர்க்குப் பல வேளைகளில் கிட்டுவதில்லை. அங்கிருந்து இங்கு வர வேண்டியது குடும்ப வரலாறு; இங்கிருந்து அங்குப் போக வேண்டியது சோதனையின் முடிவு.

ஆகையால் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. வரும் பொங்கலுக்கோ கோடைக்கோ ஊருக்குச் செல்லும்பொழுது, இரு வழித் தாத்தா பாட்டியர், அவர்களுடைய உடன்பிறந்தார் ஆகியோர் எந்த வயதில் எவ்வாறு காலமாயினர் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 55 வயதுக்கு முன் ஆண் ஒருவரும், 60 வயதுக்கு முன் பெண் ஒருவரும் இதய நோயால் இறந்திருந்தால், அக்குடும்பத்துச் சிறுவர்களையும் காலந்தாழ்த்தாமல் சோதிக்க வேண்டும். மற்றவர்களும் 18 வயதில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நன்று. எண்ணை அறிந்தவர் அதனை உடன்பிறந்தார் எல்லோர்க்கும் தெரிவிக்க வேண்டும். மருந்து தொடங்கியவர், எண் இறங்கிவிட்டது என்பதனால் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது, இறங்கியது மருந்தினால்தான். நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அடுக்களையில் கைவைத்தியம் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

எங்கள் அண்ணனின் 2014ஆம் ஆண்டுத் தாளை நாங்கள் எறிந்துவிடவில்லை. குடும்பத்தார் அனைவரின் எண்களையும், அவரவர் பிறந்த ஆண்டையும் எழுதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறோம். இதுவரை அதில் 23 பெயர்கள் ஏறியுள்ளன. ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் இத்தகைய ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.